பழைய யூட் வாங்கும்போது பெட்ரோலா, டீசலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் பெயின்டிங், தோட்ட வேலை, கிளீனிங், டெலிவரி என்று சொந்தத் தொழில் தொடங்கும் நம்மவர்கள் பலர் முதலில் தேடுவது ஒரு பழைய யூட்டைத்தான். முன்னால் கார் போல கேபின், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த டிரே. 1934இல் ஜீலாங் ஃபோர்டு தொழிற்சாலையில் லூயிஸ் பாண்ட் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய வண்டியிலிருந்து வந்த வகை இது. கையில் இருக்கும் சேமிப்பில் பெரும்பகுதி இதில் போய்விடும். பொருந்தாத இன்ஜினை வாங்கிவிட்டால் முதல் வருட லாபம் முழுவதும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அது யாருக்கும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். விலைகள் எல்லாம் ஆஸ்திரேலிய டாலரில்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எதை வாங்குவது?

வண்டி ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்று முதலில் பாருங்கள். வீட்டிலிருந்து சைட்டுக்கு 10 நிமிடம், சைட்டிலிருந்து பன்னிங்ஸ் ஹார்ட்வேர் கடைக்கு 5 நிமிடம், திரும்பி வீட்டுக்கு 10 நிமிடம் என்றால் பெட்ரோல். வாரத்தில் பல நாள் நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் அல்லது 2 டன்னுக்கு மேல் அடிக்கடி இழுக்கும் என்றால் டீசல்.

வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது இரண்டாவது கேள்வி. இரண்டு பேர் வருடம் 20,000 கி.மீ. ஓட்டலாம். ஒருவர் அதை நீளமான ஓட்டமாக ஓட்டுவார், இன்னொருவர் சின்னச் சின்னத் துண்டாக ஓட்டுவார். முதல்வருக்கு டீசல் நன்றாக உழைக்கும். இரண்டாமவருக்கு அதே டீசல் தொல்லை தரும்.

விற்பனைக்கு வருவதில் பெரும்பாலும் டீசல்தானே இருக்கிறது? பெட்ரோல் யூட் கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம் தேட வேண்டும். கடந்த 15 வருடங்களில் ஆஸ்திரேலியாவில் விற்ற யூட்களில் டீசலே மிக அதிகம். ஆனாலும் இவற்றைத் தேடிப் பார்க்கலாம்:

டொயோட்டா ஹைலக்ஸ் ஒர்க்மேட் 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர். 2015க்கு முந்தைய ஹைலக்ஸில் 4.0 லிட்டர் வி6 பெட்ரோலும் வந்தது. 175 கிலோவாட் சக்தி, நல்ல உறுதி, தாகம் அதிகம். நிசான் நவாரா டி40இல் 4.0 வி6. ஃபோர்டு ரேஞ்சர் பிஎக்ஸில் 2.5 பெட்ரோல். மிட்சுபிஷி டிரைட்டனின் கீழ்நிலை மாடல்களில் 2.4 பெட்ரோல். அப்புறம் உள்ளூரிலேயே தயாரான ஃபோர்டு ஃபால்கன் யூட், ஹோல்டன் கமோடோர் யூட். ஃபால்கன் யூட் 2016இல் நின்றது, கமோடோர் 2017இல் நின்றது.

ஃபால்கனின் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் பற்றி ஒரு வார்த்தை. எஃப்ஜி மாடலில் 195 கிலோவாட் சக்தி, 391 நியூட்டன் மீட்டர் இழுவை. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின், எளிமையான அமைப்பு, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். 4x4 தேவையில்லை, ஊருக்குள்தான் வேலை என்பவர்கள் இதை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லோரும் உயரமான, இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் டீசலையே பார்த்துக்கொண்டிருப்பதால் பலர் கண்ணில் இது படுவதில்லை.

டீசல் குறைவாகக் குடிக்கும். அப்படியானால் பணம் மிச்சம்தானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாமானோடு ஓடும் 2.7 பெட்ரோல் ஹைலக்ஸ் 100 கி.மீ.க்கு 12 லிட்டர், 2.8 டீசல் 9 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 91 பெட்ரோல் (சாதாரண ஆக்டேன் ரகம்) லிட்டர் 1.80 டாலர், டீசல் 1.90 என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

வருடம் 10,000 கி.மீ. ஓடினால் பெட்ரோலுக்கு 1,200 லிட்டர், 2,160 டாலர். டீசலுக்கு 900 லிட்டர், 1,710 டாலர். மிச்சம் 450 டாலர். வருடம் 30,000 கி.மீ. என்றால் மிச்சம் 1,350 டாலர்.

இப்போது ஒரே வயது, ஒரே நிலையில் இருக்கும் இரண்டு வண்டிகளில் டீசலுக்கு 4,000 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். குறைவாக ஓடுபவருக்கு அந்தப் பணம் திரும்பி வர ஏறக்குறைய 9 வருடம். அதிகம் ஓடுபவருக்கு 3 வருடம். இடையில் ஒரு இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) செட் மாற்ற வேண்டி வந்தால் அந்தக் கணக்கும் தள்ளிப்போகும். விற்கும்போது டீசலுக்கு அதிக விலை கிடைக்கும் என்பது உண்மைதான், கொடுத்த கூடுதலில் ஒரு பகுதி திரும்பி வரும். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

எரிபொருள் விலையில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், அடிலெய்ட், பெர்த் ஆகிய நகரங்களில் பெட்ரோல் விலை திடீரென்று ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கும். மீண்டும் ஏறும். டீசலுக்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. அதனால் பெட்ரோல் வண்டிக்காரர் விலை அடியில் இருக்கும் நாளில் டேங்கை நிரப்பினால் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் ஃப்யூயல்செக், மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃப்யூயல்வாட்ச் என்று அரசே நடத்தும் விலைப் பட்டியல்கள் உண்டு. ஃப்யூயல்வாட்சில் நாளைய விலையை இன்று பிற்பகலே பார்த்துவிடலாம்.

இ10 பெட்ரோல் லிட்டருக்குச் சில சென்ட் குறைவு. ஆனால் அதில் 10 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் ஏறக்குறைய 3 சதவீதம் அதிகமாகக் குடிக்கும். வித்தியாசம் 3 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் சாதாரண 91 போடுவதே சரி. வண்டி இ10 ஏற்குமா என்பது எரிபொருள் மூடியின் உள்பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும்.

டி.பி.எஃப். என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

டீசல் எரியும்போது நுண்ணிய கரி உண்டாகிறது. அது காற்றில் கலந்து நம் நுரையீரலுக்குப் போகாமல் இருக்க, புகைக்குழாயில் ஒரு பீங்கான் வடிகட்டி வைக்கிறார்கள். அதுதான் டி.பி.எஃப். கரி அதில் சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவு நிறைந்ததும் இன்ஜின் கூடுதல் டீசலை உபயோகித்து வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சேர்ந்த கரியை எரித்துவிடும். இதை ரீஜெனரேஷன் என்பார்கள், ஒர்க்‌ஷாப்பில் சுருக்கமாக 'பர்ன்'.

இந்த எரிப்பு முடிய இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஓரளவு வேகத்தில், 15 முதல் 25 நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். நீங்கள் பாதியில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் அது முடியாமல் நின்றுவிடும். அடுத்த தடவை மறுபடி தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் எரியாமல் போன டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், டர்போவும் பேரிங்குகளும் அதனால் தேயும். ஒரு கட்டத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும், இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொண்டு 'லிம்ப் மோட்'டுக்குப் போகும். அப்போது ஒர்க்‌ஷாப்பில் கருவியை மாட்டி எரிக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். அதற்குச் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரி எரிந்து போனாலும் மிஞ்சும் சாம்பல் போவதில்லை, வடிகட்டிக்குள்ளேயே தங்கும். அதனால் நன்றாகப் பராமரித்த டி.பி.எஃப்.பும் ஒரு நாள் நிறைந்துதான் தீரும். 2,00,000 கி.மீ. தாண்டிய வண்டியை வாங்குபவர் அந்தச் செலவு தன் தலையில் விழக்கூடும் என்று வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். ஆயிலும் சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். கையேட்டில் சி3 போன்ற தரம் குறிப்பிட்டிருக்கும். மலிவான சாதாரண டீசல் ஆயிலை ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைக்கும்.

பள்ளிக்கூடம், கடை, பக்கத்துத் தெரு சைட் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு டீசல் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

டி.பி.எஃப். இல்லாத டீசல் யூட் உண்டா?

உண்டு. 2016 நவம்பரிலிருந்து ஆஸ்திரேலியாவில் விற்கும் புதிய இலகு வாகனங்கள் எல்லாவற்றுக்கும் யூரோ 5 புகைத் தரம் கட்டாயமானது. அதற்கு முந்தைய டீசல் யூட்கள் பலவற்றில் இந்த வடிகட்டி இல்லை. உதாரணமாக 2012 முதல் 2016 வரை வந்த இசுசு டி-மேக்ஸின் 3.0 லிட்டர் இன்ஜின் வடிகட்டி இல்லாமல் வந்தது, 2017 மாடலில்தான் சேர்த்தார்கள். 2015க்கு முந்தைய 3.0 ஹைலக்ஸும் அப்படித்தான். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்து டீலரின் பார்ட்ஸ் பிரிவில் கேட்டுவிடுங்கள். ஒரு போன் போதும்.

விற்பவர் 'டி.பி.எஃப்.பைக் கழற்றிவிட்டேன், இனிப் பிரச்சினையே இல்லை' என்கிறார். நல்லதுதானே?

இல்லை. வேறு வண்டி பாருங்கள். அதைக் கழற்றுவது சட்டப்படி குற்றம், அப்படி ஓடும் வண்டி சாலைக்குத் தகுதியற்றது. இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம். பின்னால் வருகிற குழந்தையின் மூச்சில் அந்தக் கரி போகிறது என்பது எல்லாவற்றுக்கும் மேலான காரணம்.

ஹைலக்ஸ் டீசல் மேல் ஒரு பெரிய வழக்கு நடந்ததாமே?

நடந்தது. 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை விற்ற 2.8 லிட்டர் ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் வண்டிகளின் டி.பி.எஃப். அமைப்பில் குறைபாடு இருந்ததென்று 2022 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். இதில் கவனிக்க வேண்டியது, ஏறக்குறைய 100 கி.மீ. வேகத்தில் வழக்கமாக, தொடர்ந்து ஓட்டும்போதே அந்த அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை என்பதுதான் குறைபாடு. வெள்ளைப் புகை, எச்சரிக்கை விளக்கு, அதிகம் டீசல் குடித்தல் ஆகியவை அறிகுறிகள். எவ்வளவு இழப்பீடு என்ற கேள்வி மேல்முறையீட்டில் நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் வரை போனது.

அதற்காக அந்த வருட ஹைலக்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. நிறுவனம் திருத்தங்கள் கொண்டுவந்தது. 2018 வாக்கில் நாமே ரீஜெனரேஷனைத் தொடங்கும் பொத்தான் வந்தது, 2020இல் முழுமையான திருத்தமும் வந்தது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை நடந்திருக்கிறதா என்று டீலரின் சர்வீஸ் பதிவில் கேளுங்கள். நடந்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் விலையை இறக்கிப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

'டீசல் இன்ஜின் 5 லட்சம் கி.மீ. ஓடும்' என்பது உண்மையா?

பழைய காலத்து எளிமையான டீசலுக்கு அது பொருந்தும். டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜின் கட்டை உறுதியாகவே இருக்கும், சுற்றியிருக்கும் பாகங்கள்தான் செலவு வைக்கும். இன்ஜெக்டர், உயர் அழுத்தப் பம்ப், டர்போ, இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது).

மிகப் பெரிய எதிரி தண்ணீர். டீசலில் தண்ணீர் கலந்தால் பம்பும் இன்ஜெக்டர்களும் ஒன்றாகப் போகும். எரிபொருள் ஃபில்டரில் தண்ணீரைப் பிரித்து நிறுத்தும் பகுதி இருக்கிறது, அதை வடிக்க வேண்டும், ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்பதை சர்வீஸ் புத்தகத்தில் தேடுங்கள். வெறும் 'ஆயில் சேஞ்ச்' முத்திரைகளாகவே இருந்தால் ஃபில்டரைத் தொடவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

மாடலுக்கு மாடல் தனி நோய் உண்டு. 2005 முதல் 2015 வரையிலான 3.0 ஹைலக்ஸில் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு ஆயிலுக்குள் போய்க் கரிச் சேறு உண்டாகும். அந்தச் சேறு ஆயில் உறிஞ்சும் குழாயை அடைத்து இன்ஜினையே கொல்லும். அந்த இன்ஜினில் டைமிங் பெல்ட்டும் இருக்கிறது, 1,50,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஃபோர்டு ரேஞ்சர், மஸ்டா பிடி-50இன் 3.2 ஐந்து சிலிண்டர் டீசலில் ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை வடியவிட்டு நீண்ட நேரம் அப்படியே வைக்கக் கூடாது. 10 நிமிடத்துக்கு மேல் போனால் ஆயில் பம்பில் காற்று புகுந்து, ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் வராமல் இன்ஜின் கெடும். அந்த வண்டியை எங்கே சர்வீஸ் செய்தார்கள் என்று கேட்பது அதனால்தான் முக்கியம். நவாராவின் 2.5 டீசலில், அதிலும் டி40இன் முதல் சில வருட வண்டிகளில், டைமிங் செயின் தேயும் பழக்கம் உண்டு.

இவற்றோடு ஒப்பிட்டால் டி-மேக்ஸின் 3.0 இன்ஜின் சத்தம் அதிகம், வேகம் குறைவு. ஆனால் அது உழைக்கும். டீசல்தான் வேண்டும், பணம் அளவாகத்தான் இருக்கிறது என்பவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் 2012-2016 டி-மேக்ஸ்.

பெட்ரோலுக்குக் குறையே இல்லையா?

இருக்கிறது. ஹோல்டனின் 3.6 லிட்டர் வி6 இன்ஜினில், முக்கியமாகக் கமோடோர் விஇ காலத்து வண்டிகளில், டைமிங் செயின் நீளும். ஆயில் மாற்றத் தாமதித்தவர்களின் வண்டியில் சீக்கிரம் வரும், சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகும். 4.0 வி6கள் நகரத்துக்குள் 100 கி.மீ.க்கு 15 லிட்டருக்கு மேலும் குடிக்கும். 2.7 ஹைலக்ஸ் பாரம் ஏற்றி மேடு ஏறும்போது திணறும். 245 நியூட்டன் மீட்டர் இழுவைதான் அதற்கு. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள 2.8 டீசலுக்கு 450, 2020க்குப் பிறகு 500. ப்ளூ மவுண்டன்ஸ் ஏற்றத்தில் முக்கால் டன் ஏற்றிக்கொண்டு போனால் வித்தியாசம் உங்கள் வலது காலுக்கே தெரியும்.

ஆனால் இந்தக் குறைகள் வெளிப்படையானவை. ஒரு டெஸ்ட் டிரைவில் பாதி தெரிந்துவிடும். டீசலின் குறைகள் உள்ளே மறைந்திருந்து, வாங்கிய ஆறு மாதத்தில் வெளியே வரும்.

டிரெய்லர், கேரவன் இழுக்க வேண்டும். பெட்ரோல் போதுமா?

எடையைப் பொறுத்தது. புல்வெட்டும் இயந்திரம் வைத்த சின்ன டிரெய்லர், வாரத்தில் ஒரு தடவை டிப்புக்கு (குப்பைக் கிடங்குக்கு) குப்பை என்றால் பெட்ரோல் தாராளமாகப் போதும். பிரேக் உள்ள டிரெய்லரோடு 2.7 ஹைலக்ஸின் சட்டப்பூர்வ வரம்பு 2,500 கிலோ. ஆனால் இன்ஜினின் உடம்புக்கு 1,500 கிலோவே போதும் என்று சொல்வேன். டீசல் ரேஞ்சர் 3.2, டி-மேக்ஸ் போன்றவற்றின் வரம்பு, மாடலையும் வருடத்தையும் பொறுத்து, 3,500 கிலோ வரை. குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைப்பதால் இன்ஜின் கத்தாமல் இழுக்கும், எரிபொருளும் அந்த அளவுக்கு எகிறாது. 2 டன் கேரவனோடு பெட்ரோல் வி6 100 கி.மீ.க்கு 20 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம்.

டிரே, டூல் பாக்ஸ், ஆட்கள், டோ பார் (டிரெய்லரை மாட்டும் பின்கொக்கி) மேல் விழும் பாரம் எல்லாம் சேர்ந்த மொத்த வரம்பு தனி. விளம்பரத்தில் 3.5 டன் என்று போட்டிருந்தாலும் வண்டியை நிரப்பிவிட்டு அவ்வளவும் இழுக்க முடியாது.

பண்ணையில், அவுட்பேக்கில் ஓட்ட எது?

டீசல். தூரம் அதிகம், ஒரு டேங்கில் அதிக தூரம் போகும், பண்ணைகளில் டிராக்டருக்கு வைத்திருக்கும் டீசல் எப்போதும் கையில் இருக்கும். மத்திய ஆஸ்திரேலியாவின் சில இடங்களில் சாதாரண 91க்குப் பதில் ஓப்பல் போன்ற, முகர்ந்தாலும் போதை தராத பெட்ரோலை விற்கிறார்கள். பெட்ரோலை முகரும் பழக்கத்தால் பூர்வகுடி இளைஞர்கள் பாதிக்கப்பட்டதைத் தடுக்க 2005இல் கொண்டுவந்தது அது. உங்கள் பெட்ரோல் வண்டிக்கு அது எந்தக் கேடும் செய்யாது, தயங்காமல் போடலாம்.

காய்ந்த உயரமான புல்லில் ஓட்டுபவர்கள் கவனம். டி.பி.எஃப். எரியும் நேரத்தில் அடிப்பகுதி கடும் சூடாக இருக்கும், அங்கே புல் சிக்கினால் தீப்பிடிக்கும். வயலிலிருந்து வெளியே வந்ததும் குனிந்து பார்த்துப் புல்லை எடுத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஸ்னோயி மவுண்டன்ஸ் பக்கம் டீசல் வண்டியில் போகிறவர்கள் கூமாவிலோ ஜிண்டபைனிலோ ஆல்பைன் டீசல் (கடும் குளிரைத் தாங்கும் டீசல்) நிரப்பிக்கொள்ள வேண்டும். சிட்னியில் நிரப்பிய டீசல் இரவுக் குளிரில் மெழுகு போலக் கட்டிவிடும், காலையில் வண்டி கிளம்பாது.

தொழிலுக்கு ஓட்டினால் டீசலுக்கு வரி திரும்பக் கிடைக்குமா?

பொதுச் சாலையில் ஓடும் 4.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு ஃப்யூயல் டாக்ஸ் கிரெடிட் கிடையாது. யூட் எல்லாமே அந்த அளவுக்குள்தான். பண்ணைக்குள் மட்டும் ஓடிய பகுதிக்குக் கேட்கலாம், கணக்கு வைத்திருக்க வேண்டும். இது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பொதுவான விதி, ஆகவே இதைக் காரணமாக வைத்து இன்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சுரங்கத்தில் ஓடிய வண்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

நிலத்தடிச் சுரங்கத்தில் பெட்ரோல் வண்டி அனுமதி இல்லை, அதனால் வருவது எல்லாம் டீசல். கிலோமீட்டர் குறைவாகக் காட்டும். ஆனால் பல மணி நேரம் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியிருக்கும். ஓடோமீட்டர் அதைச் சொல்லாது. அடிப்பகுதியில் துரு, வயரிங் இணைப்புகளில் அரிப்பு, கேபினுக்குள் தூசி எல்லாம் பாருங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் கூட வராமல் இதைத் தொட வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும்?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், ஏன் முன்கூட்டியே ஓட்டினார்கள் என்று கேளுங்கள்.

டீசல் என்றால் முதலில் டிப்ஸ்டிக். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்று, டீசல் வாடை அடித்தால் ரீஜெனரேஷன் பாதியில் நின்று நின்று ஓடிய வண்டி அது. டீசல் ஆயில் கருப்பாக இருப்பது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். குளிரில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்து, சில நொடி தட்டும் சத்தம் வந்தால் இன்ஜெக்டர் சந்தேகம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்ததும் வாயு பலமாக அடித்தால் சிலிண்டர் தேய்ந்திருக்கலாம். அப்புறம் 20 நிமிடமாவது ஓட்டுங்கள், அதில் ஒரு ஏற்றம் இருக்கட்டும். கருப்புப் புகை, வெள்ளைப் புகை, டர்போ விசில், சக்தி குறைதல் எல்லாம் பாரத்தில்தான் தெரியும்.

பெட்ரோல் என்றால் ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் முன்பக்கம் செயின் கிலுகிலுப்பு, ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது நீலப் புகை, கூலன்ட்டின் நிறம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

இதற்கெல்லாம் மேல், விற்பவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: 'வண்டியை எதற்கு ஓட்டினீர்கள்?' டீசல் வண்டியை ஓர் அம்மா பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த வண்டிக்குக் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், ஆனால் வடிகட்டிக்கு அதைவிடக் கேடான வாழ்க்கை கிடையாது. 1,80,000 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓடி, முறையாக சர்வீஸ் பார்த்த வண்டியை நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.

பிங்க் ஸ்லிப், ரோட்வொர்தி (சாலையில் ஓடத் தகுதி என்ற சான்றிதழ்கள்) இருந்தால் போதாதா?

போதாது. அவை பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங் பார்க்கும். இன்ஜெக்டரையும் டர்போவையும் பார்க்காது. தனியாக ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய், கம்ப்யூட்டரை மாட்டி டி.பி.எஃப்.இல் எவ்வளவு கரி, கடைசி ரீஜெனரேஷன் எப்போது, இன்ஜெக்டர்கள் தெளிக்கும் டீசலின் அளவு எப்படி என்று பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு டாலர் ஆகும். டீசலுக்கு இந்தச் சோதனை இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது.

பி.பி.எஸ்.ஆர். அரசுத் தளத்தில் 2 டாலர் கட்டி வண்டி மேல் கடன் இருக்கிறதா, விபத்தில் முழுச் சேதமாகப் பதிவானதா என்றும் பாருங்கள். டீலர் அல்லாத தனி நபரிடம் வாங்கினால் பிறகு குறை கண்டுபிடித்தாலும் சட்டப் பாதுகாப்பு மிகக் குறைவு. டீலரிடம் வாங்கினால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் பொருந்தும். விலை கொஞ்சம் கூடினாலும் டீசலை டீலரிடம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

2025இல் புதிய புகைச் சட்டம் வந்ததே, பழைய டீசலின் மதிப்பு விழுமா?

அந்தச் சட்டம் புதிதாக விற்கும் வண்டிகளுக்கு மட்டும். உங்கள் பழைய யூட்டை அது தொடாது.

தவறிப்போய் டீசல் வண்டியில் பெட்ரோலை நிரப்பிவிட்டால்?

சாவியைத் திருப்பவே கூடாது. ஆக்ஸசரி நிலைக்குக்கூட வேண்டாம், சில வண்டிகளில் பம்ப் அப்போதே ஓடத் தொடங்கும். நியூட்ரலில் தள்ளி ஓரமாக விட்டு, டேங்கை வடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். சில நூறு டாலரில் முடியும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்புக்கு வழவழப்பு இல்லாமல் உலோகத் தூள் கிளம்பி இன்ஜெக்டர் வரை போகும், அப்போது செலவு வண்டியின் மதிப்பையே எட்டலாம். பெட்ரோல் வண்டியில் டீசலை நிரப்புவது அரிது, டீசல் குழாயின் வாய் பெரியது, பெட்ரோல் டேங்கின் வாயில் பெரும்பாலும் நுழையாது. வீட்டில் இதுவரை பெட்ரோல் கார் மட்டும் இருந்து, புதிதாக டீசல் யூட் வந்திருந்தால் முதல் சில வாரங்கள் எரிபொருள் மூடி மேல் 'டீசல்' என்று பெரிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.